இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகங்களின் மேசைக்குப் புதுவகையான ஒரு துண்டுச்சீட்டு வரத் தொடங்கியிருக்கிறது. ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, எண், ஆண்டு, பக்கம் எல்லாம் பிசகில்லாமல் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் உண்மையானவர், அந்தத் துறையில் எழுதிக்கொண்டிருப்பவர். இதழும் உண்மையானது, பல சமயம் அந்த நூலகத்துக்கே வருவது. தலைப்பைப் பார்த்தால் அவர் எழுதியிருக்கக்கூடியதுதான் என்று தோன்றும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது.

நண்பர் ஒருவர் பல்கலைக்கழக நூலகராக இருக்கிறார். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இப்படிப்பட்ட சீட்டோடு அவரிடம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“சார், எல்லா எடத்துலயும் தேடிட்டேன். டவுன்லோடே ஆக மாட்டேங்குது. நம்ம லாகின்ல வருதான்னு பாருங்களேன்.”

நண்பர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பைண்டு செய்த தொகுதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவந்தார்.

“தம்பி, இந்த வால்யூம் நூத்தித் தொண்ணூறாம் பக்கத்தோட முடிஞ்சுபோச்சு. நீங்க கேக்குறது இருநூத்திப் பத்தாம் பக்கம்.”

“அப்போ வேற வால்யூமா இருக்குமா சார்?”

“எந்த வால்யூம்லயும் இல்ல. எங்கேர்ந்து எடுத்தீங்க இதை?”

“நெட்ல சார்” என்றார் மாணவர். எந்த நெட், யாரிடம் கேட்டார் என்று நண்பர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

“எந்த வால்யூம்லயும் இல்ல” என்று அவரால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததே, அதைப் பற்றித்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருங்கால நூலகருக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று கருத்தரங்குகளில் நீளமான பட்டியல் வாசிக்கிறார்கள். தரவு அறிவியல், நிரல் எழுதுதல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாளுதல் என்று அது போகும். எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை வேதியியல் துறையிலும் வணிகவியல் துறையிலும் எல்லோரும் கற்றுக்கொள்கிற திறன்கள். நூலகரைத் தேடி ஒருவர் படியேறி வருவதற்குக் காரணமாக இவை இருக்க முடியாது. நண்பர் அன்று செய்த வேலையை அந்த வளாகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மாணவரின் நெறியாளர்கூட, “தேடிப் பாருப்பா, கிடைக்கும்” என்றுதான் அனுப்பியிருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் பொறுப்பேற்றபோது அவருக்கு அந்த வேலைக்குரிய திறன் எதுவும் கிடையாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். 900க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், யாரும் நூலகப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை, ரங்கநாதனும் நேர்காணலுக்குச் சில நாள் முன்புதான் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிப் போக முயன்றவரை, லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை தருகிறோம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். போய்விட்டு வந்தவர் இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அடைத்துவைத்த அலமாரிகளைத் திறந்துவிட்டு வாசகர்களே புத்தகத்தைத் தொட்டு எடுக்கவைத்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்புமுறையையும் அச்சிட்டார். இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கும் இந்த இரண்டும் மெரினாக் கடற்கரையை ஒட்டிய ஒரு நூலகத்தில் அன்றாடம் எழுந்த தொல்லைகளிலிருந்து பிறந்தவை.

அந்த ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. கடந்த நூறாண்டுகளில் நூலகங்கள் அதிகம் உழைத்தது இந்த விதிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அட்டைப் பட்டியல், கணினிப் பட்டியல், இணையவழித் தரவுத்தளம், ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் தேடும் வசதி என்று ஒவ்வொன்றும் வாசகரின் சில நிமிடங்களைக் காப்பாற்றியது. கடைசியாக வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியோ தேடுவதையே தேவையற்றதாக்கிவிட்டது. கேட்டவுடன் பதினைந்து மேற்கோள்கள் வந்து விழுகின்றன. அவற்றில் நாலு இல்லாதவை என்று கண்டுபிடிக்க மாணவருக்கு மூன்று நாள் போகிறது.

ரங்கநாதன் காலத்து நூலகரும் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பார். அதற்கு ‘எங்களிடம் இல்லை’ என்று பொருள். பட்டியலைப் புரட்டினால் போதும், அதைச் சொல்லிவிடலாம். இப்போது சொல்லவேண்டியிருப்பது ‘எங்குமே இல்லை’. எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் அதைச் சொல்ல முடியாது. பட்டியலில் காணோம் என்றால் பட்டியல் குறையுடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

ஒன்று இல்லை என்று நிறுவுவது மெதுவான வேலை. மேற்கோளில் கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் இருந்தால் அதைத் தட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது வேறொரு கட்டுரையில் கொண்டுபோய் விடும், அல்லது எங்கும் போகாது. தொகுதி எண்ணையும் ஆண்டையும் வைத்துக் கணக்குப் போடலாம். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இல் தொடங்கி 1970இல் நின்றுபோனது. 1974ஆம் ஆண்டு ‘எழுத்து’ இதழில் வந்த கட்டுரை என்று ஒன்று காட்டப்பட்டால் அதற்குமேல் தேடவேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்ல ‘எழுத்து’ எப்போது நின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். இதழின் ஆண்டு அட்டவணையைப் பார்க்கலாம். ஆசிரியர் உயிரோடிருந்தால் அவருக்கே எழுதிக் கேட்கலாம். நண்பர் ஒருமுறை அப்படிக் கேட்டபோது, “நான் எழுதவில்லை, ஆனால் எழுதியிருக்கலாம்” என்று பேராசிரியர் ஒருவரிடமிருந்து பதில் வந்ததாம்.

சிக்கல் இதோடு முடிந்தால் பரவாயில்லை. இல்லாத கட்டுரையை ஒருவர் சரிபார்க்காமல் தன் கட்டுரையின் அடியில் போட்டுவிடுகிறார். அந்தக் கட்டுரை அச்சாகிவிடுகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் எடுத்தாளுகிறார். கூகுள் ஸ்காலர் மேற்கோள்களிலிருந்தும் பதிவுகளைத் திரட்டுவதால் இல்லாத கட்டுரைக்கு அங்கே ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது. இப்போது மூன்று சாட்சிகள். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிய முறை இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரே ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய பத்துச் சுவடிகள் கிடைத்தாலும் பாடம் தீர்மானிக்கையில் அவை ஒரு சுவடிதான். சாட்சிகளை எண்ணுவதைவிட எது எதிலிருந்து வந்தது என்று வம்சாவளி பார்ப்பது அந்த வேலையின் உயிர். வருங்கால நூலகருக்கு இந்தப் பயிற்சி எந்த மென்பொருள் பயிற்சியைவிடவும் அவசரம் என்பது என் கட்சி. நூலகவியல் பாடத்திட்டத்தில் சுவடிப் பதிப்பியல் சேர்க்கவேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆய்வுலகத்துக்கு மட்டும் வந்த கேடு இல்லை இது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு வந்த இணைப்பில் கோடைகாலத்துக்கான வாசிப்புப் பட்டியல் ஒன்று இருந்தது. 15 தலைப்புகளில் 5 மட்டுமே மெய்யான புத்தகங்கள். இசபெல் அயேந்தே எழுதாத நாவல் ஒன்றும் அதில் இருந்தது, கதைச் சுருக்கத்தோடு.

தமிழுக்கு வரும்போது இந்தக் கதை தலைகீழாகவும் நடக்கிறது. இயந்திரம் இல்லாததை இருக்கிறது என்கிறது. அதே சமயம் இருப்பதை இல்லை என்றும் சொல்கிறது. இரண்டாவது பொய்யால் நமக்கு நட்டம் அதிகம்.

ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்தது. இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் சேர்ந்திருக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளும் இருக்கின்றன. அவற்றில் பழையவை பலவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ நம் கண்ணுக்கு அம்மா. கணினிக்கு அது நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். வேறு எழுத்துருவில் அடித்தால் அதே அம்மா வேறு எழுத்துகள். இப்படி நானூறு பக்கம். தேடுபொறியால் அந்த ஆய்வேட்டின் முகப்புப் பக்கத் தகவலைத் தவிர உள்ளே ஒரு சொல்லையும் படிக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு முன் ஒருவர் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த தாலாட்டுகள் தளத்தில் பத்திரமாக இருக்கின்றன, யாரும் கண்டெடுக்க முடியாதபடி.

அச்சு நூல்களை வருடி எழுத்துணரியில் கொடுத்தால் வேறு தொல்லை. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணை, லை, னை போன்றவற்றுக்கு மேலே வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள். புதிய வடிவங்களை மட்டும் பார்த்துப் பழகிய மென்பொருள் அந்த இடங்களில் தடுக்கி விழும். ‘மணிக்கொடி’ காலத்துப் பக்கம் ஒன்றை அப்படி மாற்றிப் பாருங்கள், ‘மலை’யும் ‘அண்ணா’வும் என்ன ஆகின்றன என்று தெரியும். ஆக, 1978க்கு முந்தைய தமிழ் அச்சுலகம் முழுவதும் பாதி கண்ணில் படாமல் நிற்கிறது. இதைச் சரிசெய்யப் பொறியாளர் வேண்டும், சரி. எங்கே தவறு நேரும் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லப் பழைய அச்சைப் படித்துப் பழகிய ஒருவரும் வேண்டும்.

பெயர்ச் சிக்கலை இங்கே விரிக்க இடமில்லை. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளையும் ஒருவரே என்று பட்டியலில் முடிச்சுப் போட்டு வைப்பது பழைய வேலை. குடும்பப் பெயரைக் கேட்கும் வெள்ளைக்காரப் படிவத்தில் ஒருமுறை அப்பா பெயரையும் மறுமுறை சொந்தப் பெயரையும் எழுதி இரண்டு ஆசிரியர்களாகிவிட்ட மாணவரை ஒருவராக்குவது புதிய வேலை.

சிறுபத்திரிகைகளின் நிலை இதைவிட மோசம். ‘நடை’, ‘கசடதபற’ போன்றவற்றின் இதழ்கள் ஆங்காங்கே வருடப்பட்டிருந்தாலும் கட்டுரை வாரியான அட்டவணை அரிது. அட்டவணை இல்லாத இடத்தில்தான் இயந்திரம் தாராளமாகக் கற்பனை செய்கிறது. யாரும் சரிபார்க்க முடியாத நிலம் அதற்கு வசதி.

இல்லாததை இல்லை என்பதைப் போலவே, இருப்பதை ‘இருக்கிறது’ என்று சொல்வதும் நூலகரின் வேலை. அதைச் சரியான நேரத்தில் சொன்ன பல்கலைக்கழக நூலகர் ஒருவரை நமக்குத் தெரியும். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்தபோது, வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், நாடக நோட்டீசுகள் எல்லாம் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் தெற்காசியப் பிரிவைக் கவனித்துவந்த ஜேம்ஸ் நை அதன் அருமையை அறிந்திருந்தார். பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அது நிலைபெற்றது. ஒரு தொகுப்பின் மதிப்பை ஏலத்துக்கு முன்பே அறிந்திருப்பது, அறிந்ததைத் தன் நிருவாகத்துக்குப் புரியவைப்பது, எங்கே இருந்தால் அது பயன்படும் என்று தீர்மானிப்பது. பணியிட விளம்பரம் எதிலும் இந்தத் தகுதிகளைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

‘இல்லை’ என்பதற்கு வருவோம். அதைச் சொல்வதற்கு அறிவு மட்டும் போதாது என்பதற்கு ஜெஃப்ரி பீல் உதாரணம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்தவர். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களை, மதிப்பீடு செய்வதாகச் சொல்லிச் செய்யாத இதழ்களை, ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவர் செய்தது ஒரு நூலகர் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைதான்: எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது. அதை உலகத்துக்கே செய்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பகம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போடுவதாக 2013இல் அவரை மிரட்டியது. 2017 ஜனவரியில் பட்டியலை அவரே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். பீலின் கணிப்புகள் எல்லாம் நியாயமானவை என்று நான் வாதாட மாட்டேன். திறந்தநிலை இதழ்கள் மேலேயே அவருக்கு ஒரு கசப்பு இருந்தது, ஏழை நாட்டு இதழ்களை அவர் சற்று அவசரமாகத் தள்ளிவிட்டார் என்ற குறையும் உண்டு. ஆனால் பெயர் போட்டு ‘இது இதழே இல்லை’ என்று சொல்ல ஒரு நூலகர் துணிந்ததும் அதற்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நம் ஊரில் இந்த வேலையை மானியக் குழு எடுத்துக்கொண்டது. அங்கீகரித்த இதழ்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. பிறகு அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. எந்த இதழ் தரமானது என்று அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். நிறுவனம் என்றால் யார்? துணைவேந்தர் உட்கார்ந்து இதழ்களைப் புரட்டப்போவதில்லை. கோப்பு சுற்றிச் சுற்றி நூலகரின் மேசைக்குத்தான் வரும். ஒரு துறைத் தலைவர் நாலு கட்டுரை போட்டிருக்கும் இதழை ‘இது போலி’ என்று ஒரு நூலகர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துறைத் தலைவர் ஆட்சிக்குழுவிலும் இருப்பார். இந்த நிலைமைக்கு என்ன பணிமனை நடத்திப் பயிற்சி தருவது?

இப்போதைக்கு நூலகரின் கையெழுத்து வேறொன்றுக்குப் பயன்படுகிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் வந்த விதிகளின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. மென்பொருளில் போட்டு, சதவீதம் பார்த்து, சான்றிதழ் தருவது பல பல்கலைக்கழகங்களில் நூலகத்தின் பொறுப்பு. “எவ்வளவு சார் வந்திருக்கு?” என்று மாணவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் அந்த விதிகளில் உண்டு. ஆங்கிலத்தில் பதினான்கு சொல் ஒரு நடுத்தர வாக்கியம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் பதினான்கு சொல்லில் இரண்டு வாக்கியம் அடங்கிவிடும். தமிழ் ஆய்வேட்டுக்கு இந்த அளவு தாராளம். பாமினியில் இருக்கும் பழைய ஆய்வேட்டிலிருந்து ஒருவர் ஓர் இயலையே யூனிகோடில் அடித்துக்கொண்டால் மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு, சதவீதம் ஏறாது. இரண்டையும் படித்த நூலகர் இருந்தால் மட்டுமே அது பிடிபடும். சான்றிதழில் எண்ணைத் தவிர வேறெதையும் எழுத அவருக்கு இடம் விடப்படவில்லை.

சந்தா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை மொத்தமாகச் சந்தா கட்டி வாங்கித்தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். கையில் காசில்லாத மாவட்டத் தலைநகரப் பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய வரம், அதை மறுக்க முடியாது. கூடவே, எந்த இதழை வாங்குவது, எதை விடுவது, விலையை எப்படிப் பேசுவது என்ற தேர்ச்சி பல்கலைக்கழக நூலகரின் கையை விட்டுப் போகிறது. தேர்ந்தெடுக்காதவருக்கு நிராகரிக்கவும் பழக்கம் விட்டுப்போகும். மிச்சமிருக்கும் நிதியையும் கவனத்தையும் அந்தப் பதின்மூன்றாயிரத்தில் வராதவற்றின் பக்கம் திருப்ப நூலகர்களால் முடிந்தால் நல்லது. மாவட்டத்துச் சிற்றிதழ்கள், கோயில் மலர்கள், தொழிற்சங்க வெளியீடுகள், மூடிப்போன அச்சகங்களின் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் எந்தத் தொகுப்புச் சந்தாவிலும் வரப்போவதில்லை.

தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது நூலகம் காட்டவேண்டிய கணக்குகள் உண்டு. புத்தகத்துக்கும் மின்வளங்களுக்கும் ஆண்டுச் செலவு எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் லாகின் செய்தார்கள். இத்தனை மேற்கோள்களைத் தேடினோம், அவை உலகத்தில் இல்லை என்று கண்டோம் என எழுதப் பத்தி கிடையாது. மாணவரை மூன்று நாள் அலைச்சலிலிருந்து காப்பாற்றிய அந்த ஐந்து நிமிடம் எந்தப் படிவத்திலும் ஏறாது. ஏறாத வேலைக்குப் பணியிடம் கேட்டால் நிதி அலுவலர் எதைப் பார்த்து ஒப்புதல் தருவார்?

நண்பரிடம் ஒரு யோசனை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகர்கள் சேர்ந்து, தங்களிடம் கேட்கப்பட்டு இல்லை என்று உறுதியான மேற்கோள்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைக்க வேண்டும் என்கிறார். ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இதுவரை நூலகங்கள் இருப்பவற்றுக்குத்தான் பட்டியல் போட்டிருக்கின்றன, இல்லாதவற்றுக்குப் பட்டியல் போடுவது புதுசு என்று அவருக்கே கொஞ்சம் பெருமை. கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பட்டியலை இணையத்தில் வைத்தால் இயந்திரங்கள் அதையும் படிக்குமே, படித்துவிட்டு ‘சென்னை நூலகப் பட்டியல் ஒன்றில் காணப்படும் கட்டுரை’ என்று அதையே சான்றாகக் காட்டாதா என்றேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். ‘இல்லாதவை’ என்று தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதாது, வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு வரியிலும், ஆசிரியர் பெயருக்கு முன்னால், ‘இல்லை’ என்று போட வேண்டும். எந்த இதழின் எந்தத் தொகுதியைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், எந்தத் தேதியில் பார்த்தார்கள், பார்த்தவர் யார் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். இதற்கு எத்தனை கட்டங்கள் வேண்டும் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஏழு வந்தது.